அடைப்பை நீக்குவது வேறு, கல்லை அகற்றுவது வேறு

செல்லப்பிராணி நலம்: வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவரின் பதில்களும்

நாய்களுக்கு வரும் சிறுநீர்க் கல்லைப் பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தபோது, அவை எல்லாமே ‘அறுவைச் சிகிச்சை இல்லாமல் முடியுமா?’ என்ற ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கின்றன. இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அடைத்துக்கொண்டிருக்கும் வழியைத் திறப்பது ஒன்று. அது சில மணி நேரத்துக்குள் நடந்தாக வேண்டும். உள்ளே இருக்கும் கல்லை இல்லாமல் செய்வது மற்றொன்று. அதற்கு வாரக்கணக்கில் அவகாசம் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பல நாய்கள் தாமதமாக மருத்துவமனைக்கு வருகின்றன.

*

கேள்வி: எங்கள் 6 வயது ஆண் பொமரேனியன் நேற்றிலிருந்து அடிக்கடி காலைத் தூக்கி முக்குகிறது, சொட்டுச் சொட்டாகத்தான் சிறுநீர் வருகிறது, அதிலும் இரத்தம் தெரிகிறது. எக்ஸ்ரே எடுத்த மருத்துவர், குழாயில் ஒரு கல் சிக்கியிருப்பதாகவும் பையில் மேலும் சில கற்கள் இருப்பதாகவும் சொல்லி, அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்கிறார். மருந்து கொடுத்தே கரைத்துவிட முடியாதா?
– மதுரை வாசகர்

பதில்: மாத இதழில் பதில் வரும்வரை பொறுத்திருக்கக்கூடிய கேள்வி அல்ல இது என்பதால், தங்களுக்குத் தனியாகவே பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலை நாளை வேறொரு வீட்டில் வரலாம் என்பதற்காக இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஆண் நாயின் ஆண்குறிக்குள் ஓர் எலும்பு உண்டு. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாய், அந்த எலும்பின் அடிப்புறத்திலுள்ள ஒடுக்கமான பள்ளத்தின் வழியாகச் செல்கிறது. அதுவரை விரிந்து கொடுத்த குழாய், மேலே எலும்பு இருப்பதால் அந்த இடத்தில் விரிய முடிவதில்லை. ஆகவே பையிலிருந்து உருண்டு வரும் கல் பெரும்பாலும் அந்த எலும்பின் பின்முனையில் வந்து சிக்கிக்கொள்கிறது. பெண் நாய்க்குக் குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால், பையில் கல் உண்டானாலும் அடைப்பு ஏற்படுவது மிகவும் அரிது.

குழாயில் சிக்கிய கல்லை உணவாலோ மாத்திரையாலோ கரைக்க முடியாது. கரைக்கும் சிகிச்சை எதுவாக இருந்தாலும், சிறுநீரின் தன்மையை மாற்றி, அந்தச் சிறுநீர் கல்லை இடைவிடாமல் நனைத்துக்கொண்டிருக்கும்படி செய்வதுதான் அதன் வழி. பைக்குள் இருக்கும் கல்லுக்கு அது பொருந்தும். அடைப்பில் மாட்டியிருக்கும் கல்லைச் சுற்றிச் சிறுநீர் ஓடுவதே இல்லை; ஓடினாலும் அது கரைய வாரங்கள் ஆகும், நாய்க்கோ அவ்வளவு நாள்கள் இல்லை. முழு அடைப்பு ஏற்பட்ட ஒரு நாளுக்குள்ளேயே இரத்தத்தில் யூரியா, கிரியாட்டினின் ஆகிய கழிவுகள் ஏறத் தொடங்குகின்றன. வெளியேற வேண்டிய பொட்டாசியம் உடலிலேயே தேங்கி இதயத் துடிப்பைத் தடுமாறச் செய்கிறது. வாந்தியும் சோர்வும் தொடங்கிய பிறகு, கவனிக்காமல் விட்ட நாய் இரண்டு மூன்று நாள்களில் இறந்துவிடக்கூடும். பை வெடித்துச் சிறுநீர் வயிற்றுக்குள் பரவுவதும் உண்டு. ‘கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறதே’ என்ற ஆறுதல் வேண்டாம். நிரம்பி வழியும் பையிலிருந்து கல்லின் ஓரமாகக் கசியும் சொட்டுகளை, சிறுநீர் போவதாகப் பலரும் எண்ணிவிடுகிறார்கள்.

ஆனால் அடைப்பை நீக்கக் கத்தி தேவை என்பதும் இல்லை. முதலில் இரத்தப் பரிசோதனை செய்து, டிரிப்ஸ் ஏற்றி, பொட்டாசியம் அதிகமாக இருந்தால் இதயத்தைக் காக்கும் கால்சியம் குளுக்கோனேட் ஊசி போட்டு நாயை நிலைப்படுத்துவார்கள். பை மிகவும் இறுகியிருந்தால், வயிற்றின் வழியாக மெல்லிய ஊசியைச் செலுத்திச் சிறுநீரை உறிஞ்சி எடுப்பார்கள். அதன்பிறகு மயக்க மருந்து கொடுத்து, கதீட்டர் என்ற மெல்லிய குழாயைக் கல்லின் அருகே வரை செலுத்துவார்கள். உதவியாளர் ஒருவர் கையுறையணிந்த விரலை மலவாயின் வழியாக விட்டு, இடுப்பெலும்பின் மேல் செல்லும் சிறுநீர்க் குழாயை அழுத்தி அடைத்துக்கொள்வார். முன்பக்கமிருந்து வழவழப்பு ஜெல் கலந்த சலைனை (கிருமி நீக்கிய உப்புநீரை) வேகமாகச் செலுத்தும்போது, இரண்டு பக்கமும் அடைபட்ட குழாய் உப்பி விரிந்து, கல்லைப் பிடித்திருந்த சுவர் விலகும். அந்த நொடியில் உள்ளே வைத்த விரலை எடுத்துவிட்டால் கல் பின்னோக்கி ஓடிப் பைக்குள் விழுந்துவிடும். அனுபவமுள்ள கைகளில் பெரும்பாலான கற்கள் இவ்வாறு திரும்பிவிடுகின்றன. கதீட்டரைக் கொண்டு கல்லை நேரடியாக இடித்துத் தள்ள முயல்வதுதான் ஆபத்து. குழாயின் உட்சுவர் கிழிந்து, பின்னாளில் தழும்பால் வழி சுருங்கிவிடும்.

எனவே தங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘கரைக்க முடியுமா?’ என்பதன்று, ‘சலைனைச் செலுத்திக் கல்லைப் பைக்குள் திருப்பிவிட முடியுமா?’ என்பதே. அது நடந்துவிட்டால் உயிராபத்து விலகிவிடும். பைக்குள் சேர்ந்துவிட்ட கற்களை என்ன செய்வது என்பதை, அவை என்ன வகைக் கற்கள் என்று தெரிந்துகொண்ட பின் நிதானமாக முடிவு செய்யலாம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: பையில் கல் இருக்கும்வரை ஆண் நாய்க்கு அடைப்பு எந்த இரவிலும் திரும்ப வரலாம்.

*

கேள்வி: எங்கள் பெண் லேப்ரடாருக்கு 5 வயது. பையில் கோலிக்குண்டு அளவுக்குக் கல் இருக்கிறது. இது ஸ்ட்ருவைட் கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம், அறுவை வேண்டாம், தனி உணவும் ஆன்டிபயாட்டிக்கும் போதும் என்று மருத்துவர் சொல்கிறார். இவ்வளவு பெரிய கல் உண்மையில் கரையுமா? தயிர்ச்சோறும் கூடவே கொடுக்கலாமா?
– கோயம்புத்தூர் வாசகி

பதில்: கரையும். தங்கள் மருத்துவர் சரியான வழியைத்தான் காட்டியிருக்கிறார். அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரி 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், ஸ்ட்ருவைட் என்று கருதத்தக்க பைக் கல்லை முதலில் மருத்துவ முறையில் கரைத்துப் பார்க்க வேண்டும் என்றே சொல்கிறது. கல்லின் அளவு பெரிய தடை அன்று. எவ்வளவு பெரிதோ அவ்வளவு நாள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

ஸ்ட்ருவைட் என்பது மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்த கல். நாய்களில் இது பெரும்பாலும் கிருமித் தொற்றின் விளைவாகவே உண்டாகிறது. பெண் நாய்களுக்கு அதிகம் வருவதும் அதனால்தான். ஸ்டெஃபிலோகாக்கஸ், புரோட்டியஸ் போன்ற சில கிருமிகள் சிறுநீரிலுள்ள யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக மாற்றுகின்றன; சிறுநீர் காரத்தன்மை அடைகிறது; அந்தக் காரச் சூழலில் இந்த உப்பு கரையாமல் படிந்து கல்லாகிறது. இந்தச் சங்கிலியைப் பல இடங்களில் ஒரே சமயத்தில் அறுப்பதுதான் சிகிச்சை. கல்ச்சர் பரிசோதனையில் எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்த்து ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறார்கள். தனி உணவில் புரதம் குறைவு, எனவே யூரியா குறைகிறது. மக்னீசியமும் பாஸ்பரசும் குறைவு. சிறுநீரை அமிலத்தன்மைக்குக் கொண்டுவரும் பொருள்களும், தாகத்தைத் தூண்டும் அளவுக்கு உப்பும் அதில் இருக்கும்.

அதனால்தான் தயிர்ச்சோறு கூடாது. தயிரிலும் பாலிலும் இருக்கும் புரதமும் பாஸ்பரசும், பிஸ்கெட்டும், பாட்டி இரக்கப்பட்டு ஊட்டும் கோழித்துண்டும், வாரக்கணக்கில் செய்த வேலையைக் கெடுத்துவிடும். இந்தச் சிகிச்சை தோற்கும் வீடுகளில், மருந்தைவிட மேசைக்கடியில் நீளும் கைகள்தான் காரணமாக இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். வீட்டிலுள்ள எல்லோரையும் உட்கார வைத்து ஒரே முறை கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

காலக்கெடுவைப் பொறுத்தவரை, சில வாரங்களிலிருந்து மூன்று மாதங்கள் வரை ஆகலாம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துக் கல் சிறுத்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். கல்லின் ஒவ்வோர் அடுக்கிலும் கிருமிகள் புதைந்திருப்பதால், கரையக் கரைய அவை வெளிப்படும். ஆகவே நாய் நன்றாகிவிட்டதே என்று ஆன்டிபயாட்டிக்கை மருத்துவர் சொல்லாமல் நடுவில் நிறுத்தக் கூடாது. எக்ஸ்ரேயில் கல் மறைந்த பிறகும், கண்ணுக்குத் தெரியாத துகள்களுக்காக உணவைச் சில வாரங்கள் தொடரச் சொல்வார்கள். முதல் இரண்டு எக்ஸ்ரேக்களில் சிறிதும் மாற்றம் இல்லையென்றால், உணவு ஒழுங்காகப் போகவில்லை, கிருமி கட்டுப்படவில்லை, அல்லது கல்லின் உட்கரு வேறு வகையைச் சேர்ந்தது என்று பொருள்.

வளரும் குட்டிகள், சினை நாய்கள், இதய நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவை, கணைய அழற்சி வந்து போனவை ஆகியவற்றுக்கு இந்த உணவு ஏற்றதன்று. இதன் விலை அதிகம் என்பதையும் மறைக்கக் கூடாது. இருந்தாலும் மயக்க மருந்து, தையல், படுக்கை நாள்கள் ஆகியவற்றின் செலவோடு சேர்த்துக் கணக்கிட்டுப் பாருங்கள். அறுவையில் சிறு கற்கள் விடுபட்டுப் போவதும், பையில் போட்ட தையல் நூலைச் சுற்றியே புதிய கல் வளர்வதும் நடப்பவைதான்.

*

கேள்வி: மனிதர்களுக்கு வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளை, நெருஞ்சில் கஷாயம் கொடுக்கிறோமே, நாய்க்கும் கொடுத்தால் கல் வந்துவிடாதா?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: சிறுநீர் அடைத்திருக்கும் நாய்க்கு இவற்றில் எதையும் கொடுக்காதீர்கள். இவை சிறுநீரைப் பெருக்கும் என்பதற்காகவே கொடுக்கப்படுபவை. வெளியேற வழியில்லாத பையில் மேலும் நீரைச் சேர்த்தால் வலியும் அழுத்தமும் கூடுமே தவிர, எலும்புப் பள்ளத்தில் இறுகிய கல் நகராது. ‘நீர் மாத்திரை’ என்று கடையில் கேட்டு வாங்கும் ஃபுரோசெமைடுக்கும் இதே பதில்தான். வாந்தியெடுக்கும் நாயின் வாயில் கஷாயத்தை வலுக்கட்டாயமாக ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்தும் உண்டு. வலிக்கிறதே என்று டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற மனிதர்களுக்கான மாத்திரைகளைக் கொடுப்பது, ஏற்கெனவே தத்தளிக்கும் சிறுநீரகத்தை முற்றாகக் கெடுத்துவிடும்.

அடைப்பு இல்லாத நாயைப் பொறுத்தவரை, வாழைத்தண்டுச் சாறு ஸ்ட்ருவைட்டையோ, கால்சியம் ஆக்சலேட் என்ற இன்னொரு வகைக் கல்லையோ கரைக்கும் என்று நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கூடுதலாக நீர் உள்ளே போவது நல்லதுதான். அதைச் சாதாரணத் தண்ணீரிலேயே சாதிக்கலாம். எலுமிச்சைச் சாறு, வினிகர், சோடா உப்பு ஆகியவற்றைத் தாமாகவே கொடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். ஒரு வகைக் கல்லுக்கு அமிலச் சிறுநீர் நல்லது, இன்னொரு வகைக்கு அதுவே கல்லை வளர்க்கும். கல் எது என்று தெரியாமல் சிறுநீரைப் புளிக்க வைப்பதும் காரமாக்குவதும் குருட்டு வைத்தியம்.

*

கேள்வி: எங்கள் டால்மேஷனுக்கு எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை; ஆனால் ஸ்கேனில் மணல் போன்ற சிறு கற்கள் தெரிகின்றன. மருத்துவர் இறைச்சியை நிறுத்தச் சொல்கிறார். எக்ஸ்ரேயில் தெரியாத கல் எப்படி இருக்க முடியும்?
– சென்னை வாசகி

பதில்: டால்மேஷன், கற்கள், எக்ஸ்ரேயில் தெரியாமை, இந்த மூன்றும் சேர்ந்தாலே யூரிக் அமில உப்பாலான யூரேட் கல் என்பதுதான் முதல் சந்தேகம். ஸ்ட்ருவைட், கால்சியம் ஆக்சலேட் கற்கள் எக்ஸ்ரேயில் வெண்மையாகப் பளிச்சென்று தெரியும். யூரேட் கற்கள் பெரும்பாலும் தெரியாது. சிஸ்டைன் கற்களும் மங்கலாகத்தான் தெரியும். ஸ்கேனில்தான் இவை பிடிபடும்.

மற்ற நாய்கள் உணவிலுள்ள பியூரின் என்ற சேர்மத்தைச் சிதைத்து, கடைசியில் எளிதில் கரையும் அலன்டாயின் என்ற பொருளாக வெளியேற்றுகின்றன. டால்மேஷன் இனத்தில் எஸ்எல்சி2ஏ9 என்ற மரபணுவில் உள்ள மாற்றத்தால் யூரிக் அமிலம் கல்லீரல் செல்லுக்குள் சரிவரப் போவதில்லை, சிறுநீரகத்திலும் திரும்ப உறிஞ்சப்படுவதில்லை. விளைவாக யூரிக் அமிலம் அப்படியே சிறுநீரில் இறங்குகிறது. கலப்பில்லாத டால்மேஷன்கள் எல்லாமே இந்த மாற்றத்தோடுதான் பிறக்கின்றன. 1973-இல் அமெரிக்காவில் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் ஒரு டால்மேஷனைப் பாயிண்டர் இன நாயோடு இணைத்துத் தொடங்கிய வழித்தோன்றல்கள் மட்டும் இதற்கு விலக்கு. யூரிக் அமிலம் அதிகம் இருக்கும் எல்லா டால்மேஷனுக்கும் கல் வருவதில்லை. கல் வந்து அடைப்பு வரை போவது பெரும்பாலும் ஆண் நாய்களில்தான்.

யூரேட் கல்லையும் அறுவையின்றிக் கரைக்க முடியும். ஆனால் ஸ்ட்ருவைட் அளவுக்கு உறுதி சொல்ல முடியாது. ஈரல், சிறுநீரகம் முதலிய உள்ளுறுப்புகள், மத்தி, நெத்திலி போன்ற மீன்கள், ஆட்டு, மாட்டு இறைச்சி ஆகியவற்றில் பியூரின் மிகுதி. அவற்றை நிறுத்த வேண்டும். முட்டையிலும் பால் பொருள்களிலும் பியூரின் மிகக் குறைவு. சிறுநீரை இங்கே காரத்தன்மைக்குக் கொண்டுவர வேண்டும், ஸ்ட்ருவைட்டுக்குச் சொன்னதற்கு நேர்மாறாக. அலோபியூரினால் என்ற மருந்து யூரிக் அமிலம் உண்டாவதைத் தடுக்கிறது. ஆனால் பழைய உணவையே தொடர்ந்துகொண்டு இம்மருந்தை மட்டும் கொடுத்தால், யூரிக் அமிலமாக மாற வேண்டியது சாந்தின் என்ற நிலையிலேயே நின்று, அதுவே புதிய கல்லாகிவிடும். மருந்தும் உணவும் சேர்ந்தே போக வேண்டும். அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

டால்மேஷன் அல்லாத நாய்க்கு, குறிப்பாக யார்க்ஷயர் டெரியர் போன்ற சிறு இன நாய்க்கு, யூரேட் கல் கண்டால், குடலிலிருந்து வரும் இரத்தம் கல்லீரலுக்குள் போகாமல் சுற்றிச் செல்லும் பிறவிக் குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் குறை இருந்தால் கல்லைக் கரைக்கும் முயற்சி பயன் தராது.

*

கேள்வி: ஷிட்ஸு நாய்க்குக் கால்சியம் ஆக்சலேட் கல் என்று சொல்லிவிட்டார்கள். இணையத்தில் எங்கு பார்த்தாலும் கரையாது என்றே இருக்கிறது. என் சகோதரருக்கு அதிர்வலை கொடுத்து உடைத்தார்களே, அது நாய்க்கு ஆகாதா?
– சேலம் வாசகர்

பதில்: கரையாது என்பது உண்மை, இன்றுவரை இந்தக் கல்லைக் கரைக்கும் உணவோ மருந்தோ கிடையாது. ஷிட்ஸு, லாசா ஆப்சோ, மினியேச்சர் ஷ்னாஸர், பொமரேனியன் போன்ற சிறு இனங்களில் இது அதிகம். ஆனால் கரையாது என்றால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று பொருளல்ல.

கற்கள் குழாயின் வழியே நழுவிவிடும் அளவுக்குச் சிறியனவாகவும் வழவழப்பாகவும் இருந்தால், நாய்க்கு மயக்கம் கொடுத்துப் பையைச் சலைனால் நிரப்பி, முதுகெலும்பு செங்குத்தாக இருக்கும்படி நாயை நிமிர்த்திப் பிடித்து, கற்கள் பையின் வாயில் வந்து படிந்ததும் பையை மெல்ல அழுத்துவார்கள். சிறுநீரோடு கற்களும் வெளியே பாய்ந்துவிடும். பெண் நாய்களில் சில மில்லிமீட்டர் அளவுள்ள கற்கள் வரை இப்படி வெளியேறும். ஆண் நாய்களில் அதைவிடவும் சிறிதாக இருக்க வேண்டும். குழாய் அடைபட்டிருக்கும்போது இதைச் செய்யவே கூடாது, பை கிழிந்துவிடும். அண்மையில் பையில் அறுவை செய்த நாய்க்கும் ஆகாது.

தங்கள் சகோதரருக்குச் செய்தது வெளியிலிருந்து அதிர்வலை செலுத்தும் முறை. அது நாயின் சிறுநீரகக் கல்லுக்குப் பொருந்தும், பைக்குள் உருளும் கல்லுக்குப் பெரிதும் பயன்படாது. பைக் கல்லுக்கும் குழாய்க் கல்லுக்கும் மெல்லிய அகநோக்கிக் கருவியை உள்ளே செலுத்தி, ஹோல்மியம் லேசரால் உடைப்பதே பொருத்தம். நாயின் உடலளவுக்கேற்ற கருவியும் பயிற்சியும் தேவைப்படுவதால், இவ்வசதி எல்லா ஊர்களிலும் இல்லை. சென்னை வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கல்லூரிகள் ஆகியவற்றின் மருத்துவமனைகளிலும் பெரிய தனியார் மருத்துவமனைகளிலும் விசாரித்துக்கொண்டு செல்லுங்கள்.

நோயின்றிப் பைக்குள் சும்மா கிடக்கும் ஆக்சலேட் கல்லைக் கண்காணிப்போடு விட்டுவைப்பதும் சில நாய்களுக்கு, குறிப்பாக வயதான பெண் நாய்களுக்கு, ஏற்ற முடிவே. எந்த வழியில் எடுத்தாலும் இது திரும்ப வரும் குணமுள்ளது. கீரை, வேர்க்கடலை, வைட்டமின் சி, வைட்டமின் டி மருந்துகள் ஆகியவற்றைத் தவிர்த்து, இரத்தத்தில் கால்சியம் மிகுந்திருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: அப்படியென்றால் அறுவை எப்போதுதான் தவிர்க்க முடியாதது? ஒருமுறை குணமானபின் திரும்ப வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?
– திருச்சி வாசகர்

பதில்: சலைன் செலுத்தியும் கல் பின்னே போகாமல் இறுகிவிட்டபோதும், லேசர் வசதி எட்டாதபோதும், பை அல்லது குழாய் கிழிந்தபோதும், கரையாத பெரிய கற்கள் ஆண் நாயை மீண்டும் மீண்டும் அடைக்கும்போதும் அறுவைதான் வழி. அந்நிலையில் தயங்கக் கூடாது.

திரும்ப வராமல் தடுப்பதில், கல் எந்த வகையாக இருந்தாலும் பொருந்துவது தண்ணீர்தான். உலர்ந்த உணவைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுங்கள். சோற்றைக் குழைய விட்டு நீர் சேர்த்துக் கொடுங்கள். வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் வையுங்கள். சிறுநீரின் அடர்த்தி எண் 1.020-க்குக் கீழே இருப்பது இலக்கு. எந்தச் சிறு ஆய்வகத்திலும் இதைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அடுக்குமாடி வீட்டில் காலை ஒருமுறை, இரவு ஒருமுறை மட்டுமே வெளியே அழைத்துப்போவது, சிறுநீரை மணிக்கணக்காக அடக்கிவைக்கச் செய்கிறது. நடுவில் இன்னொரு முறையாவது அழைத்துச் செல்லுங்கள்.

கல் எப்படி வெளியே வந்தாலும், தானாக விழுந்த துகளாக இருந்தாலும், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கழுவி உலர்த்திச் சுத்தமான சிறு பாட்டிலில் போட்டு மருத்துவரிடம் கொடுத்து, பகுப்பாய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஃபார்மலினில் மட்டும் போட வேண்டாம். ஸ்ட்ருவைட் கல் அதில் வேறு தாதுவாக மாறிவிடுவதால் அறிக்கை தவறாக வந்துவிடும்.